எங்கள் தெருவுக்கு வரும் நாற்பது கட்டில்கள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மேஷ்ட்ரு கையில் ஒரு கோப்போடு வந்தார். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். கன்னடத்தில் வாத்தியாரை மேஷ்ட்ரு என்பார்கள். எங்கள் தெருவில் அவருக்கு வேறு பெயரே கிடையாது. கோப்புக்குள், மைசூருக்குப் பக்கத்திலிருக்கும் எங்கள் நஞ்சன்கூட்டின் நகரசபைக்கு ஒரு மனு. பதிமூன்று பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். பதினான்காவது இடத்தை எனக்காக விட்டு வைத்திருந்தார்.

விஷயம் இதுதான். தெருக்கோடியில் ஒரு சைட், முப்பதுக்கு நாற்பது, வருஷக்கணக்கில் பார்த்தீனியம் மண்டிக் கிடந்தது. இப்போது அதில் நான்கு தளக் கட்டடம் எழும்புகிறது. வீடு இல்லை, பிஜி. நாற்பது கட்டில் போடப் போவதாகக் கட்டட மேஸ்திரி சொன்னார். தாண்டவபுரத்தில் இன்ஜினியரிங் படிக்கிற பையன்கள், மைசூரில் இடம் கிடைத்தும் அங்கே வாடகை கட்டுப்படியாகாதவர்கள், தொழிற்பேட்டையில் அப்ரெண்டிஸாகச் சேரும் டிப்ளமோக்காரர்கள் எல்லோரும் வருவார்களாம். தலைக்கு மாதம் 6,500 ரூபாய், சாப்பாட்டோடு. நாற்பதால் பெருக்கிப் பாருங்கள். சைட்டுக்காரர் இந்தத் தெருவில் இல்லை, மைசூரில் இருக்கிறார். நான் அவரைப் பார்த்தது ஒரே ஒரு முறை, பூமி பூஜையன்று.

மனுவில் நான்கு காரணங்கள். ஒன்று, தண்ணீரும் டிரெயினேஜும் தாங்காது. இரண்டு, முன்பின் தெரியாத வெளியூர்க்காரர்களால் நம் பெண்களுக்குப் பாதுகாப்பில்லை. மூன்று, மாமிச வாடை, க்ஷேத்திரத்தின் புனிதம். நான்கு, கலாட்டே. அந்தச் சொல்லைத் தமிழாக்க வேண்டியதில்லை.

முதல் காரணத்தைப் படித்ததும் பேனாவை எடுத்துவிட்டேன். இரண்டாவதைப் படித்ததும் மூடிவிட்டேன். "யோசித்துச் சொல்கிறேன் மேஷ்ட்ரே" என்றேன். "இதில் யோசிக்க என்ன சார் இருக்கிறது?" என்று கேட்டபடியே கோப்பை டீப்பாயில் வைத்துவிட்டுப் போனார். ஒரு மாதமாக யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். நஞ்சன்கூட்டில் மட்டும் நடக்கும் சங்கதி இல்லை இது. கோவையில் பீளமேட்டிலும் சென்னையில் தாம்பரம் பக்கமும் இருப்பவர்கள் தங்கள் தெருப் பெயரைப் போட்டு வாசித்துக்கொள்ளலாம்.

முதலில் கணக்கு. முப்பது வருஷம் ஒரு தொழிற்சாலை ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவன்; எண்ணாகப் பார்த்தால்தான் எனக்கு ஒரு விஷயம் புரியும். 2024 ஜூலையில் பெங்களூரு கோரமங்களாவில் ஒரு பிஜிக்குள் புகுந்து ஓர் இளம்பெண்ணைக் கொன்றான் ஒருவன். அதற்குப் பிறகு, ஆகஸ்டில், அந்த மாநகராட்சி பிஜிகளுக்கு விதிமுறை கொண்டுவந்தது. ஆளுக்குக் குறைந்தது 70 சதுர அடி இடம், நாளைக்கு 135 லிட்டர் தண்ணீர், கண்காணிப்புக் கேமரா என்று போகும் பட்டியல். பெங்களூருக்குப் போட்ட விதி நஞ்சன்கூட்டைக் கட்டாது. ஆனால் அளவுகோலாக வைத்துக்கொள்ளத் தடையில்லை. நாற்பது பேருக்கு 135 லிட்டர் என்றால் 5,400 லிட்டர். அதே சைட்டில் ஐந்து பேர் கொண்ட குடும்பம் இருந்தால் 675. எட்டு மடங்கு. எங்கள் வீட்டுச் சம்ப்பின் கொள்ளளவே 6,000 லிட்டர்தான். உள்ளே போகிற தண்ணீரில் பெரும்பகுதி வெளியேயும் வந்தாக வேண்டுமே. எங்கள் தெருவில் குழாய் புதைத்தவர்கள் சைட்டுக்கு ஒரு குடும்பம் என்று எண்ணித்தான் புதைத்திருப்பார்கள். ஆக, மேஷ்ட்ருவின் முதல் காரணம் நியாயமானது. அக்கம்பக்கத்தார் எதிர்ப்பு என்றாலே பணக்காரத்தனம், குறுகிய மனசு என்று ஒதுக்கிவிடுகிற பட்டணத்துக் கட்டுரையாளர்கள் ஒரு தடவை வந்து மேன்ஹோல் பொங்கிய தெருவில் பால் வாங்கப் போய்ப் பார்க்கட்டும்.

இப்போது இரண்டாவது காரணம். முன்பின் தெரியாத வெளியூர்க்காரன். அவனை எனக்கு நன்றாகத் தெரியும்.

1975-இல் சத்தியமங்கலத்திலிருந்து பஸ் ஏறி, திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளிலும் குமட்டிக்கொண்டே, சாம்ராஜ்நகர் வழியாக மைசூர் வந்து இறங்கினேன். பி.எஸ்சி. இடம் கிடைத்துவிட்டது, படுக்க இடம் கிடைக்கவில்லை. லக்ஷ்மிபுரம், சரஸ்வதிபுரம் என்று நான்கு நாள் தெருத்தெருவாக அலைந்தேன். 'மனெ பாடிகெகெ இதெ' என்று பலகை தொங்கும். வீடு வாடகைக்கு இருக்கிறது என்று அர்த்தம். கதவைத் தட்டினால் எந்த ஊர், என்ன ஜனம், கறி தின்பாயா என்று கேள்வி வரும். எங்கள் வீட்டில் பேசுவது ஒருவகைக் கன்னடம், எழுதப் படிக்கத் தெரிந்தது தமிழ். சத்தியமங்கலம் பக்கத்து நெசவுக்காரர் வீடுகளில் இது சகஜம். அந்தக் கன்னடத்தைக் கேட்டு ஒரு வீட்டு அம்மா உள்ளே திரும்பித் தன் மகளைக் கூப்பிட்டார், "வந்து கேளடி, இதுவும் கன்னடமாம்" என்று. சிரித்தார்களே தவிர அறை தரவில்லை.

கடைசியில் அறை கிடைத்தது 25 கிலோமீட்டர் தள்ளி இந்த ஊரில். தேர்வீதிக்குப் பின்னால் ஓர் அஜ்ஜி வீடு, கொல்லைப்புற அறை, மாதம் 25 ரூபாய். அஜ்ஜி என்றால் பாட்டி. காலையில் மீட்டர் கேஜ் ரயிலில் கபிலை ஆற்றைத் தாண்டி மைசூர், சாயங்காலம் திரும்பி. அறைக்குள் கறி கூடாது, ஒன்பது மணிக்கு மேல் வரக்கூடாது என்று அஜ்ஜி இரண்டு நிபந்தனை போட்டார். தமிழ்ப் பையனை உள்ளே விடாதே என்று அவரிடமும் பக்கத்து வீட்டுக்காரர்கள் சொன்னார்களாம். அவர் வீட்டுக்காரர் சிறுவயதில் மைசூரில் வாரான்னம் சாப்பிட்டுப் படித்தவர். திங்கட்கிழமை ஒரு வீடு, செவ்வாய்க்கிழமை இன்னொரு வீடு என்று வாரத்துக்கு ஏழு வீட்டில் முறை வைத்து ஏழை மாணவனுக்குச் சோறு போடுகிற வழக்கம் அது. ஏழு வீட்டுச் சோற்றில் படித்தவன் குடும்பத்தில் அறை இல்லை என்று எப்படிச் சொல்வது என்று அஜ்ஜி கேட்டாராம். அந்த வாரான்னம் பிராமணப் பையன்களுக்கு மட்டும்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மூன்று வருஷமும் என் தட்டு கிணற்றடியில்தான் இருந்தது, நான்தான் கழுவ வேண்டும். அஜ்ஜியை நான் மறக்கவில்லை. தட்டையும் மறக்கவில்லை.

வாரான்னத்துக்குள் வராத பிள்ளைகளுக்காகத்தானே இந்தச் சீமையில் விடுதிகளே பிறந்தன. சாதிக்கொரு இலவச விடுதி என்று பழைய மைசூர் ராஜ்யத்தில் வந்ததெல்லாம், வேறு யாரும் இவர்களுக்குக் கதவு திறக்கவில்லை என்பதற்கான சாட்சி. இதே நஞ்சன்கூடு தாலுகாவில், கபிலைக் கரையில் இருக்கிற சுத்தூர் மடத்தின் சிவராத்திரி ராஜேந்திர சுவாமிகள் 1940களில் மைசூரில் கிராமத்துப் பிள்ளைகளைச் சேர்த்துச் சோறும் இடமும் கொடுக்க ஆரம்பித்தார். 1954-இல் தொடங்கிய ஜே.எஸ்.எஸ். மகாவித்யாபீடம் இன்று எவ்வளவு பெரிய ஸ்தாபனம் என்று சொல்ல வேண்டியதில்லை. எழுபதுகளில் முதல்வராக இருந்த ஹுன்சூர்க்காரர் தேவராஜ் அர்ஸ், பிற்படுத்தப்பட்டோர் விடுதிகளை மாநிலமெங்கும் பெருக்கினார். அத்தனைக்குப் பிறகும் பற்றாக்குறை தீரவில்லை. அரசே அதை ஒப்புக்கொள்கிறது. விடுதியில் இடம் கிடைக்காத பிற்படுத்தப்பட்ட மாணவருக்கு மாதம் 1,500 ரூபாய், வருஷத்தில் பத்து மாதம் கொடுக்கும் 'வித்யாசிரி' என்ற திட்டம் 2013 வாக்கில் வந்தது. அதன் பொருள், கட்டில் எங்களிடம் இல்லை, பணத்தை வாங்கிக்கொண்டு நீயே தேடிக்கொள் என்பதுதானே. தேடிக்கொண்டு அவன் எங்கே வருவான்? எங்கள் தெருக்கோடிக்குத்தான் வருவான். மைசூருக்கும் நஞ்சன்கூட்டுக்கும் சேர்த்து 2031 வரைக்கும் ஒரே பெருந்திட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள். தாளில் இரண்டும் ஒரே ஊர் ஆகிவிட்டன. மைசூரின் கல்லூரிகள் மட்டும் வேண்டும், மைசூரின் மாணவர்கள் வேண்டாம் என்றால் நடக்குமா?

வெளியூர்க்காரன் என்ற சொல்லை இந்த ஊர் எப்படியெல்லாம் பயன்படுத்தும் என்று 2020 மார்ச்சில் பார்த்தோம். இங்குள்ள ஒரு மருந்துத் தொழிற்சாலையில் கொரோனா பரவி, மைசூர் மாவட்டத்தின் ஆரம்பத் தொற்றுகளில் பெரும்பகுதி அங்கிருந்து வந்தபோது, நாடு முழுக்க எங்கள் ஊர்ப் பெயர் அடிபட்டது. நஞ்சன்கூடு என்று சொன்னாலே மைசூரில் மக்கள் ஓரடி பின்னால் போனார்கள். அதே நாட்களில் நாங்கள் என்ன செய்தோம்? வாடகை அறைகளில் இருந்த தொழிற்சாலைப் பையன்களைக் கண்டு ஓரடி பின்னால் போனோம். பால் பாக்கெட்டைக் கொம்பால் தள்ளிக் கொடுத்த வீடு எது என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அது என் வீட்டுக்கு எதிர்வீடு. மனுவில் ஆறாவது கையெழுத்து அவருடையது.

1991 டிசம்பரும் நினைவிருக்கிறது. காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவு அரசிதழில் வெளியானதும் பெங்களூரிலும் மைசூர்ப் பக்கமும் தமிழர்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. நான் இந்தத் தெருவில் வீடு கட்டி அப்போது மூன்று வருஷம் ஆகியிருந்தது. பெயர்ப் பலகையைக் கழற்றி வைத்துவிட்டு, மனைவியும் குழந்தையுமாக உள்ளறையில் உட்கார்ந்திருந்தோம். இரண்டு ராத்திரி என் கேட் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தவர் இதே மேஷ்ட்ருதான். யாரோ நான்கு பேர் வந்து விசாரித்தபோது, "இவர்கள் எங்கள் தெருக்காரர்கள்" என்று ஒரே வாக்கியம் சொன்னார். அந்த மனிதர் கையால் 'முன்பின் தெரியாத வெளியூர்க்காரர்கள்' என்று எழுதியதைப் படிக்கத்தான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

மூன்றாவது காரணத்துக்கு அதிக இடம் செலவழிக்கப் போவதில்லை. ஸ்ரீகண்டேசுவரர் குடியிருக்கும் தட்சிண காசி இது, மறுக்கவில்லை. ஆனால் மிலிட்டரி ஹோட்டல் இல்லாத ஊருமில்லை இது. பதிமூன்று கையெழுத்தில் எத்தனை வீட்டில் ஞாயிற்றுக்கிழமை குக்கர் எதற்கு விசிலடிக்கிறது என்பது குப்பை வண்டிக்காரருக்குத் தெரியும். 'சஸ்யாஹாரிகளிகெ மாத்ர', சைவர்களுக்கு மட்டும் என்று வாடகைப் பலகையில் எழுதுவது எப்போதும் சாப்பாட்டைப் பற்றியதுதான் என்று நம்புகிற வயதை நான் தாண்டிவிட்டேன்.

நான்காவது, கலாட்டே. இதற்குக் கடல் தாண்டிய துணை ஒன்று உண்டு. கலிபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகம், மக்கள் பூங்கா என்று பெயர்பெற்ற தன் இடத்தில் சுமார் 1,100 மாணவர்களுக்கு விடுதி கட்டப் போனது. அக்கம்பக்கத்தார் வழக்குப் போட்டார்கள். மாணவர்கள் போடும் சத்தமும் சுற்றுச்சூழல் பாதிப்புதான், அதை ஆராயாமல் அனுமதித்தது தவறு என்று 2023 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. புகை, சாக்கடை, ரசாயனக் கழிவு வரிசையில் பையன்களின் சிரிப்பும் சேர்ந்தது. மனிதக் குரலை மாசு என்று கணக்கில் எடுக்கக் கூடாது என்று அதே ஆண்டு செப்டம்பரில் அந்த மாநிலம் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. 2024 ஜூனில் மாநில உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைப் புரட்டியது. இதைச் சொன்னபோது என் மனைவி கேட்டாள்: "நம்ம பெரிய ஜாத்திரைச் சத்தத்தை அவங்க கோர்ட்டு கேட்டா என்ன சொல்லும்?" பங்குனியில் ஐந்து தேர் ஓடும் அந்த ஜாத்திரைக்கு வீட்டுக்கு இருபது சொந்தக்காரர்கள் வந்து இறங்குவார்கள். மைக் செட் நடுராத்திரி தாண்டியும் அலறும். டிரெயினேஜும் பொங்கும். அதற்கு யாரும் மனு எழுதியதில்லை. நானும்தான் எழுதியதில்லை, சந்தோஷமாகப் போய் வடம் பிடித்திருக்கிறேன்.

அப்படியானால் அந்தக் கட்டடம் வரட்டும் என்கிறேனா? அதுவும் இல்லை. இப்போது இருக்கிற வரைபடத்தோடு வரக்கூடாது என்கிறேன். மனுவில் எழுதியிருக்க வேண்டிய விஷயங்கள் எதையும் மேஷ்ட்ரு எழுதவில்லை என்பதுதான் என் சண்டை.

70 சதுர அடிக் கணக்குக்கே வருவோம். 1,200 சதுர அடி சைட்டில் நான்கு பக்கமும் சட்டப்படி இடைவெளி விட்டால் தளத்துக்கு 800 தேறும். கீழ்த்தளம் சமையலுக்கும் சாப்பாட்டுக்கும் போய்விடும். மிச்சம் மூன்று தளத்தில் 2,400. படிக்கட்டு, குளியலறை, கழிப்பறைக்கு 400 போனால் 2,000. எழுபதால் வகுத்தால் இருபத்தெட்டு பேர். நாற்பது கட்டில் எப்படிப் போடுவார்? கட்டிலுக்கு மேல் கட்டில் போடுவார், இடைவெளியைத் தின்பார். அந்தப் பன்னிரண்டு கட்டில்தான் எங்கள் தெருவின் எதிரி. அதில் படுக்கப் போகிற பையனும் எங்களைப் போலவே அதற்குப் பலியாகிறவன்தான்.

நெருப்பு என்று ஒன்று இருக்கிறது. 2024 செப்டம்பரில் மதுரை கட்ராபாளையத்தில் ஒரு பெண்கள் விடுதியில் விடியற்காலையில் குளிர்சாதனப் பெட்டி வெடித்துத் தீப்பிடித்து இரண்டு பேர் இறந்தார்கள். பொள்ளாச்சி விடுதிச் சிறுமிகளுக்கு நேர்ந்த கொடுமைக்குப் பிறகு 2014-இல் தமிழ்நாடு விடுதிகளுக்குச் சட்டம் கொண்டுவந்தது. அதன் பெயரிலேயே பெண்களும் குழந்தைகளும் மட்டும்தான் இருக்கிறார்கள். பையன்கள் தங்கும் இடம் எங்கேயும் யார் கண்ணிலும் அவ்வளவாகப் படுவதில்லை. ஆம்பளைப் பையன்தானே, எங்கேயாவது சுருண்டுகொள்வான் என்ற நினைப்பு.

வரி விஷயமும் வேடிக்கை. 42 அறைகள் கொண்ட பெங்களூருக் கட்டடம் ஒன்றை விடுதிக்காக வாடகைக்கு விட்டவர், இது குடியிருப்புதான், ஜி.எஸ்.டி. கிடையாது என்று வாதாடி 2022 பிப்ரவரியில் கர்நாடக உயர் நீதிமன்றத்தில் வென்றார். 2024 ஜூனில் ஜி.எஸ்.டி. கவுன்சிலும், 90 நாளாவது தொடர்ந்து தங்கி மாதம் 20,000 ரூபாய்க்குள் கொடுப்பவருக்கு விடுதி வாடகையில் வரி விலக்கு என்றது. மாணவன் தலையில் வரி விழாமல் இருப்பது எனக்குச் சம்மதம்தான். அவன் அங்கே குடியிருக்கிறான் என்று நீதிமன்றமே சொல்லிவிட்ட பிறகு, குடியிருப்புப் பகுதியில் அவனுக்கு இடமில்லை என்று நாங்கள் சொல்வது செல்லாது. ஆனால் உரிமையாளருக்கும் அதே கேள்வி உண்டு. வரி கட்டும்போது வீடு, கட்டில் போடும்போது சத்திரம் என்று இரண்டு வேஷம் ஒரு கட்டடத்துக்கு எப்படிப் பொருந்தும்? தண்ணீர் இணைப்பும் டிரெயினேஜ் கட்டணமும் கட்டிலை எண்ணி வாங்க வேண்டும். குழாயைப் பெரிதாக்கும் செலவு கட்டில் போட்டவர் பையிலிருந்து வரட்டும். வாசலில் எத்தனை பேருக்கு அனுமதி என்று எழுதி வைக்கட்டும். ராத்திரி ஏதாவது நடந்தால் மைசூருக்குப் போன் போட்டுக்கொண்டிராமல் கதவைத் தட்ட ஒரு வார்டன் அங்கேயே தங்க வேண்டும். இறங்கி ஓட இரண்டாவது படிக்கட்டு வேண்டும். கல்லூரிகள் ஆண்டுக்கு எத்தனை பேரைச் சேர்க்கின்றன, அதில் எத்தனை பேருக்குக் கட்டில் வைத்திருக்கின்றன என்று கேட்கும் உரிமையும் எங்களைப் போன்ற தெருக்களுக்கு உண்டு. அந்தப் பள்ளத்தை நிரப்புவது நாங்கள்தானே.

போன வாரம் மேஷ்ட்ரு மறுபடி வந்தார். நான் இதையெல்லாம் ஒரு தாளில் கன்னடத்தில் எழுதி, மனுவோடு சேர்த்து வைத்திருந்தேன். இரண்டாவது, மூன்றாவது, நான்காவது வரிகளைப் பென்சிலால் அடித்திருந்தேன். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பொறுமையாகப் படித்தார். ஆசிரியர் அல்லவா, என் கன்னடத்தில் இரண்டு ஒற்றுப்பிழையைத் திருத்தினார்.

"கணக்கு சரிதான் சார். ஆனால் அந்த மூன்று வரியை எடுத்துவிட்டால் பாதிப் பேர் கையெழுத்தை வாபஸ் வாங்கிவிடுவார்கள்."

"தண்ணீருக்காகக் கையெழுத்துப் போட ஏழு பேர் போதாதா மேஷ்ட்ரே?"

அவர் பதில் சொல்லவில்லை. காபியைக் குடித்துவிட்டு எழுந்தார். தன் வீட்டு மாடியில் இரண்டு அறை கட்டி வாடகைக்கு விட்டிருப்பது அவருக்கும் நினைவு வந்திருக்கும். பின்பக்கம் இடைவெளி விடாமல் கட்டியது. என் கார் நிறுத்தத்தின் தகரக்கூரையும் நகரசபை இடத்தில் ஓரடி நீண்டிருக்கிறது, அதை நான் அவருக்கு நினைவுபடுத்தவில்லை.

கோப்பு இன்னும் என் டீப்பாயில்தான் கிடக்கிறது. நேற்று மூன்றாவது தளத்துக்குச் சென்ட்ரிங் பிரித்தார்கள். இரண்டாவது படிக்கட்டுக்கு இடம் விட்டிருக்கிறார்களா என்று போய்ப் பார்த்தேன். விடவில்லை.